கூலியாளா, ஒப்பந்தக்காரரா? – உழைப்பின் வரலாற்றில் ஓயாத ஒரு வழக்கு

 

சில ஆண்டுகளுக்கு முன்னர், நமது பள்ளிவாசலில் ஹவுளை அடுத்த மேற்கூரையைப் பிரித்துக் கட்டிய காலத்தில், சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவர் தவறி விழுந்து தோள் எலும்பு முறிந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்றிரவு இஷாவுக்குப் பின் நிர்வாகம் கூடியது. அவருடைய மருத்துவச் செலவுக்கும் வேலையிழந்த நாட்களுக்கும் யார் பொறுப்பு என்பதே அன்றைய பேச்சு.

பெரியவர் ஒருவர், வேலையைச் சதுர அடிக் கணக்கில் மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்டாக விட்டுவிட்டோம், அவருடைய ஆளுக்கு அவரே பொறுப்பு என்றார். வாசலில் நின்ற மேஸ்திரி அதை ஏற்கவில்லை. சிமெண்டும் கம்பியும் மணலும் ஜமாஅத் வாங்கியவை. சாரக் கம்புகூட ஜமாஅத்தே வாடகைக்கு எடுத்தது. தொழுகை நேரத்தை அனுசரித்து எந்நேரம் தொடங்கி எந்நேரம் நிறுத்துவது என்று சொன்னதும் ஜமாஅத். தாமும் ஆட்களோடு ஆளாகக் கரண்டி பிடிப்பவர்தாம் என்றார். "நான் எப்படி முதலாளி ஆவேன்? நீங்களே சொல்லுங்க ஹஜ்ரத்" என்று நம் பக்கம் திரும்பினார்.

நம்மால் அன்று தெளிவான விடை கூற இயலவில்லை. மதரஸாவில் கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தை ஓதியவர்கள்தாம் நாம். ஆயினும் பொறுமையைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தோம். மருத்துவச் செலவுக்கு அன்றே வசூல் செய்து கொடுத்தோம். கையைத் தூக்க முடியாமல் அவர் வீட்டிலிருந்த ஐந்து மாதக் கூலியை எவரும் கொடுக்கவில்லை. அன்று யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கொடுமைக்காரரும் இல்லை. அவர் யாருடைய ஆள் என்ற ஒரு கேள்விக்கு விடையில்லாமல் போனதால், அந்தப் பளு முழுவதும் விழுந்தவர் மீதே விழுந்தது.

அக்கேள்வியின் வரலாற்றை அதன்பின் தேடிப் படித்தோம். அது மிகப் பழைய கேள்வி. பல நாட்டு அறிஞர்களும் நீதிபதிகளும் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி. படித்ததில் நமக்குப் பயன்படுவதை இம்மலர் வழியாக உங்கள் முன் வைக்கிறோம்.

பிக்ஹு நூல்கள் வகுத்த இரு வகை

மூஸா நபி (அலை) அவர்களின் வாழ்வில் இரு வேலைகள் வருகின்றன. மத்யன் நகரப் பெரியவரிடம் அவர்கள் எட்டு அல்லது பத்து ஆண்டுகள் என்று தவணை பேசிப் பணியாற்றினார்கள். அது காலத்திற்கு ஒப்புக்கொண்ட வேலை. மற்றொன்று, வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு சூராவில் வருவது. இடிந்து விழவிருந்த சுவரைக் கிள்ர் (அலை) அவர்கள் சரிசெய்து நிறுத்தியபோது, இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்று மூஸா நபி (அலை) கேட்டார்கள். அது ஒரு வேலைக்கு ஒரு கூலி. எத்தனை நாள், எத்தனை மணி என்ற கணக்கு அங்கே இல்லை. சுவர் நின்றால் கூலி.

இந்த வேறுபாட்டையே ஹனஃபி பிக்ஹு அறிஞர்கள் சட்டமாக வகுத்தனர். காலத்திற்குத் தம்மை ஒப்படைத்து ஒருவருக்கே பணி செய்பவர் 'அஜீர் காஸ்', தனிப்பட்ட கூலியாள். எவர் வேலை கொடுத்தாலும் ஏற்று, வேலையை முடித்துத் தந்து கூலி பெறுபவர் 'அஜீர் முஷ்தரக்', பொதுக் கூலியாள். மாதக் கணக்கில் ஆடு மேய்க்க அமர்த்தப்பட்டவர் முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. துணி வெளுப்பவரும் சாயம் தோய்ப்பவரும் இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டு. ஹிஜ்ரி 593-இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' இவ்விரண்டையும் விரிவாகப் பேசுகிறது. அந்நூல் 1791-இல் சார்லஸ் ஹாமில்டன் என்பவரால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு, வெள்ளையர் ஆட்சிக் கால நீதிமன்றங்களிலும் பயன்பட்டது. 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பும் கூலியாட்களை இவ்விரு வகையாகவே பிரித்தது.

இப்பிரிவினால் விளைவது என்ன? முதலாமவர் குறித்த காலத்தில் வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவர். எசமானர் வேலை கொடுக்காமல் விட்டாலும் கூலி உண்டு. தம் கவனக் குறைவின்றி வேலையில் ஏற்படும் சேதத்திற்கு அவர் பொறுப்பாளி ஆகார். இரண்டாமவர் வேலையை முடித்தால்தான் கூலி. அவர் கைவேலையால் பொருள் கெட்டால் அவரே ஈடு செய்ய வேண்டும். பொருள் தானே தொலைந்தால் என்ன செய்வது என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்தம் மாணவர்களான அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) ஆகியோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அது அமானிதமாகவே அவரிடம் இருந்தது, ஈடு இல்லை என்பது இமாமவர்களின் கூற்று. தவிர்க்க முடியாத பேரிடர் என்றாலன்றி ஈடு உண்டு என்பது மாணவர்களின் கூற்று. கைவினைஞர்களைப் பொறுப்பாளிகள் ஆக்கும் வழக்கம் உமர் (ரலி), அலி (ரலி) ஆகியோர் காலத்திலேயே இருந்ததாக அறிவிப்புகள் உள்ளன.

ஐவேளையும் நேரம் தவறாமல் மிஹ்ராபில் நிற்பதற்காக மாதச் சம்பளம் பெறும் நாமும் முதல் வகையினரே. மழை நாளில் ஒரு வரிசைகூட நிறையாவிட்டாலும் நமது சம்பளம் குறைவதில்லை. நம்மைச் சுற்றியுள்ள கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அந்த நிம்மதி இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்நூல்களிலிருந்து நாம் கற்பது ஒரு நேரிய அளவுகோல். தம் விருப்பப்படி வேலை செய்யும் உரிமை உள்ளவர் இழப்பையும் ஏற்கிறார். பிறர் சொற்படி வேலை செய்பவரின் இழப்பைச் சொல்பவர் ஏற்கிறார். உரிமை ஒருவர் கையிலும் இழப்பு மற்றொருவர் தலையிலும் போய்ச் சேருமாயின், எங்கோ அநீதி நுழைந்துவிட்டது என்று பொருள்.

செட்டிநாட்டின் இரு காட்சிகள்

நம் மண்ணிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உள. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், கடையை நடத்த ஏஜெண்டுகளை அனுப்பினர். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. பேசி முடித்த சம்பளம். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, ஏஜெண்டாக உயர்வது அக்கால வழக்கம். ரங்கூன் கடையில் அமர்ந்த ஏஜெண்டு பெருந்தொகைகளைக் கடன் கொடுப்பார், வசூலிப்பார், வழக்காடுவார். பார்ப்பவர் கண்ணுக்கு அவரே முதலாளி. ஆயினும் ஊருக்குக் கடிதமும் கணக்கும் ஒழுங்காகப் போயாக வேண்டும். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகையோடு கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். அத்தனை அதிகாரம் இருந்தும் அவர் சம்பளக்காரரே.

அந்தப் பணத்தில் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பர்மாத் தேக்குத் தூண்களோடு மாளிகைகள் எழுந்தன. அவற்றுக்குச் சுண்ணாம்பு அரைத்தவரும், பூச்சை மெழுகியவரும், நிலை செதுக்கிய ஆசாரியும் எளிய மனிதர்கள். அவ்வழி வந்த கொத்தனார் இன்று இடுப்பில் ஒரு கரண்டியும் தூக்குக்குண்டும் தவிர முதலேதும் இல்லாதவர். அவரையே நாம் காண்ட்ராக்டர் என்கிறோம். ஆக, பணமும் அதிகாரமும் ஒருவரை ஒப்பந்தக்காரர் ஆக்குவதில்லை. ஏழ்மை ஒருவரைக் கூலியாள் ஆக்குவதும் இல்லை. பெயரை விட்டுவிட்டு நடப்பைப் பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுபவர், எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறலாம். ஆனால் கண்ணாடியும் அச்சும் சிமெண்டும் இடமும் பட்டறைக்காரருடையவை என்றால், எண்ணிக்கைக் கூலி என்ற காரணத்தால் மட்டும் அவர் சுயதொழிலர் ஆகிவிட மாட்டார். அதே கல்லை ஊர் ஊராகச் சென்று பதித்துக் கொடுக்கும் வேறொருவர், தம் கருவிகளோடும் தம் ஆட்களோடும் விலை பேசி வேலை ஏற்கிறார். ஒரு வேலையில் லாபமும் மறு வேலையில் நட்டமும் காண்கிறார். அவரே மெய்யான ஒப்பந்தக்காரர்.

முன்பணமும் சிறையும்

வெள்ளையர் ஆட்சி இவ்விருவரையும் எப்படி நடத்தியது என்பது மறக்கத் தகாத செய்தி. 1859-இல் வேலையாட்கள் ஒப்பந்த மீறல் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களை முதலில் கருதி வந்த அச்சட்டம் பின்னர் வேறு பகுதிகளுக்கும் விரிந்தது. முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையைச் செய்யாத கைவினைஞரையும் தொழிலாளியையும் நீதிபதி முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பு, அல்லது வேலையைச் செய் என்று ஆணை வரும். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. கூலி தராத முதலாளிக்கு இச்சட்டத்தில் சிறை இல்லை. உரிமை பேசும்போது அவர் சுதந்திரமாக ஒப்பந்தம் செய்தவர். வேலையை விட்டுப் போக நினைக்கும்போது அவர் கட்டுண்ட ஆள். 66 ஆண்டுகள் இருந்த பின்னர், 1925-இல்தான் அதை நீக்கும் சட்டம் வந்தது.

இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் கண்டதும் ஏறத்தாழ இதுவே. அங்கே துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கங்காணி நின்றார். ஆள் திரட்டியவரும் அவரே, மேய்த்தவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குப் போகத் 'துண்டு' என்ற கடன் சீட்டு வேண்டும்; புதிய தோட்டம் அக்கடனை ஏற்றால்தான் ஆள் நகரலாம். 1921-இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நடுவில் ஒருவரை நிறுத்திவிட்டால் பின்னால் இருக்கும் உண்மை முதலாளி கண்ணுக்குத் தெரியமாட்டார் என்ற பாடத்தை அது நமக்குத் தருகிறது.

உப்பளத்திலிருந்து பீடிக்கடை வரை

1880-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, வேலையைச் செய்யும் முறையிலும் எசமானரின் கட்டளைக்கு உட்பட்டவரே பணியாளர் என்று விளக்கம் தந்தது. என்ன செய்வது என்பதை மட்டும் சொன்னால் அது ஒப்பந்தம். எப்படிச் செய்வது என்பதையும் சொன்னால் அது வேலைக்கமர்த்தல். நம் நாட்டு நீதிமன்றங்களும் இதிலிருந்தே தொடங்கின.

சுதந்திர இந்தியாவில் இதன் முதல் பெரிய வழக்கு குஜராத்தின் உப்பளத்திலிருந்து வந்தது. தாரங்கதாரா இரசாயனத் தொழிற்சாலைக்கு உப்பு விளைவித்த அகரியாக்கள் பாத்திகளைப் பெற்று, உதவிக்குத் தாமே ஆள் வைத்து, விளைந்த உப்பின் எடைக்கேற்பக் கூலி பெற்றனர். அவர்கள் ஒப்பந்தக்காரர்கள் என்றது கம்பெனி. வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருந்ததையும், அவர்கள் தாமும் இறங்கி உழைத்ததையும் கண்ட உச்ச நீதிமன்றம், அவர்கள் தொழிலாளரே என்று 1956 நவம்பரில் தீர்ப்பளித்தது. உதவிக்கு ஆள் வைத்ததால் மட்டும் ஒருவர் முதலாளி ஆகிவிடுவதில்லை. நம் மேஸ்திரியின் வாதம் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அங்கு கேட்கப்பட்டிருக்கிறது!

அடுத்துப் பீடி. நம் காரைக்குடிப் பக்கம் இத்தொழில் பெரிதன்று. ஆனால் மேலப்பாளையம், முக்கூடல், வேலூர், சேலம் என்று பல ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் இதை நம்பி வாழ்ந்தன. நம் சமுதாயப் பெண்கள் பலர் முறத்தை மடியில் வைத்து வீட்டிலேயே சுற்றினர். கடைக்காரர் இலையும் தூளும் கொடுப்பார், சுற்றிய பீடியை எண்ணி வாங்குவார், சரியில்லாததைக் கழிப்பார். நடுவில் ஒரு ஏஜெண்டு இருப்பார். முதலாளி யார்?

நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1958-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், புகையிலை வாங்கித் தம் சிறு கூடங்களில் பீடி சுற்றுவித்துக் கொடுத்த சட்டேதார்கள் ஒப்பந்தக்காரர்கள்தாம், தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளர் அல்லர் என்றது உச்ச நீதிமன்றம். 1960-இல் நாகபுரி வழக்கில், தொழிற்சாலைக்கு வந்து சுற்றியவர்கள் நினைத்த நேரம் வந்து போகலாம், எண்ணிக்கைக் கூலிதான் என்றாலும், தரமற்ற பீடியைத் தள்ளும் உரிமை முதலாளியிடம் இருந்ததால் தொழிலாளரே என்றது. மறு ஆண்டே வேறொரு பீடி வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் மாறாகத் தீர்ப்பளித்தனர்.

நம் தமிழ்நாட்டு வழக்கு 1964-இல் வந்தது. சேலம் பகுதித் தொழிற்சங்கம் எழுப்பிய, திவான் முகைதீன் சாகிப் வழக்கு என்று வழங்கப்படுவது அது. இடைப்பட்ட ஏஜெண்டுகள் சுதந்திரமான ஒப்பந்தக்காரர்கள், சுற்றுவோர் அவர்களுடைய ஆட்கள் என்பது கடைக்காரர் தரப்பு. கையெழுத்திட்ட ஒப்பந்தப் பத்திரங்களும் இருந்தன. தீர்ப்பாயம் பத்திரத்தைப் புரட்டியதோடு நில்லாமல் அந்த ஏஜெண்டுகளின் நிலைமையையும் பார்த்தது. முதலற்ற ஏழைகள் அவர்கள். கடைக்காரரின் கிளை மேலாளர் போன்றவர்கள். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, சுற்றுவோர் கடைக்காரரின் தொழிலாளரே என்றது. நம் சமுதாயப் பெயர் தாங்கிய ஒரு நிறுவனம் இவ்வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நீதி என்பது தனக்கே எதிராகச் சாட்சி சொல்ல நேரிட்டாலும் நிலைநிறுத்த வேண்டியது என்று கற்றவர்கள் அல்லவா நாம்!

இந்தக் குழப்பத்திற்கு முடிவாக 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. வீட்டில் வைத்துச் சுற்றுவோரையும் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் அது கொண்டுவந்தது. ஒப்பந்தக்காரருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை முதலாளியையும் பொறுப்பாளி ஆக்கியது. மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுவோருக்கு வருங்கால வைப்பு நிதியும் உண்டு என்று 1985-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. வீட்டுத் திண்ணையில் முறத்தோடு அமர்ந்திருந்த தாய்மார், முப்பதாண்டுப் போராட்டத்தால் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளர் ஆயினர்.

தையற்காரர்களையும் இது விடவில்லை. செகந்திராபாத் தையற்கடை ஒன்றின் வழக்கில் 1973-இல் தீர்ப்பு வந்தது. உருப்படிக்குக் கூலி, சிலர் துணியை வீட்டிற்கும் எடுத்துச் செல்வர். எனினும் இயந்திரம் கடைக்காரருடையது, தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருடையது. ஆகவே அவர்கள் கடைப் பணியாளரே என்றது நீதிமன்றம். 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர் இருப்பினும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும். யாருடைய தொழிலை நம்பி அத்தொழிலாளரின் பிழைப்பு நடக்கிறதோ அவரே முதலாளி என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அதன்பின் காற்று சற்றே திசை மாறியது. 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஓரிடத்தில் தடைசெய்யப்பட்டாலும் அவர்கள் தாமாகவே நிறுவனத்தின் ஊழியராகி விடுவதில்லை என்றது. ஆயினும் ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று நிறுவப்பட்டால் அவர்கள் நிறுவனத்தின் ஆட்களே என்ற கதவை அது அடைக்கவில்லை.

வளைகுடாவின் தலைகீழ்க் கணக்கு

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வளைகுடாவில் இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 'ஃப்ரீ விசா' என்று நாம் சொல்லும் ஏற்பாட்டில், காகிதத்தில் பிள்ளை கஃபீலின் பணியாள். நடப்பில் கஃபீல் வேலையும் தருவதில்லை, சம்பளமும் தருவதில்லை. பிள்ளையே வெளியில் வேலை தேடிக்கொண்டு, ஆண்டுதோறும் கஃபீலுக்குப் பணம் கொடுக்கிறார். இங்கே கூலியாளுக்கு ஒப்பந்தக்காரர் என்று பெயர். அங்கே சுயமாகப் பிழைப்பவருக்குப் பணியாளர் என்று பெயர். இரண்டிலும் நட்டம் உழைப்பவருக்கே. 2013-இல் சவூதி அரசு, கஃபீல் அல்லாதவரிடம் வேலை செய்வோர் மீது நடவடிக்கை எடுத்தபோது பெருந்திரளானோர் ஊர் திரும்ப நேர்ந்தது இதனால்தான்.

வாரியங்கள் தந்த வழி

யார் முதலாளி என்ற வழக்கு முடியும்வரை விழுந்தவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? இவ்விடத்தில் தமிழ்நாடு ஒரு நல்ல வழியைக் கண்டது. 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும், 1999-இல் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியமும் அமைந்தன. முதலாளி யார் என்று நிரூபிக்காமலேயே, தொழிலாளி என்று பதிவு செய்தவருக்கு உதவி கிடைக்கும் என்பதே இவற்றின் சிறப்பு. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, 60 வயதில் ஓய்வூதியம் ஆகியன உண்டு. 1996-இல் மத்திய அரசும் கட்டுமானத் தொழிலாளருக்கெனச் சட்டம் செய்து, கட்டடச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தை நல நிதியாக வசூலிக்க வழி வகுத்தது.

வீடு தேடி உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்களின் காலம் இது. கம்பெனிகள் அவர்களைப் பங்காளிகள் என்கின்றன. பெட்ரோலும் விபத்தும் அவர்கள் கணக்கு, விலையும் விதியும் கம்பெனியின் கணக்கு. 2021-இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழிலர் அல்லர், தொழிலாளருக்கான உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்றது. தமிழ்நாடு 2023-இல் இத்தகையோருக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முந்தைய பீடித் தொழிலாளர் சட்டம், கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 1923-இல் பிறந்த விபத்து இழப்பீட்டுச் சட்டம் ஆகியவை இப்போது இத்தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டன.

அந்த இரவின் கேள்விக்கு விடை

இத்தனையும் படித்தபின் மேஸ்திரியின் கேள்விக்குத் திரும்புகிறோம். பொருள் யாருடையது? கருவி யாருடையது? நேரத்தையும் முறையையும் வகுப்பவர் யார்? லாப நட்டம் யாரைச் சேரும்? இந்நான்கையும் கேட்டால் பெரும்பாலான இடங்களில் விடை தெளிந்துவிடும். கரண்டியும் தூக்குக்குண்டும் தவிர, மற்றவையெல்லாம் நம்முடையவை. நேரத்தை வகுத்தவர்கள் நாம். மேஸ்திரிக்குக் கிடைத்தது ஆட்களைவிடச் சற்றே கூடிய கூலி. லாபம் என்று சொல்லத்தக்கது அன்று. ஆகவே அந்நாட்களில் அவரும் அவர் ஆட்களும் பெயரில் காண்ட்ராக்டாக இருந்தாலும், நடப்பில் நம் கூலியாட்களாகவே இருந்தனர்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம், தம் வழக்கமான தொழிலின் பகுதியை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விப்பவரை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கியது. கட்டடம் கட்டுவதைத் தொழிலாகக் கொள்ளாத பள்ளிவாசலையும், வாழ்நாளில் ஒரு வீடு கட்டும் குடும்பத்தையும் அந்த வாசகம் எளிதில் பிடிக்காது. சட்டம் பிடிக்காத இடத்தில் அமானிதம் பிடிக்கும். கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மிம்பரில் எத்தனை முறை கூறியிருப்போம்! அந்த ஐந்து மாதங்களில் ஒரு பங்கையேனும் ஜமாஅத் ஏற்றிருக்க வேண்டும் என்பதே நமது இன்றைய கருத்து. அன்று அதைச் சொல்லாமற் போனது நமது குறை.

எனவே நிர்வாகத்தின் முன்னும் பொதுக்குழுவின் முன்னும் சிலவற்றைப் பணிவுடன் வைக்கிறோம். இனிப் பள்ளிவாசல் வேலை எதுவாயினும், ஒரு பக்க அளவிலேனும் தமிழில் எழுதிக்கொள்வோம். சாரமும் பாதுகாப்புக் கயிறும் யார் பொறுப்பு, காயம் பட்டால் எத்தனை நாள் கூலி யார் கொடுப்பது என்பவை அதில் இருக்கட்டும். வேலைக்கு வருவோர் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேட்போம். இல்லையெனில் பதிவு செய்ய நாமே உதவுவோம். 18 முதல் 60 வயது வரையிலான நம் ஜமாஅத்தின் கொத்தனார், ஆசாரி, பெயிண்டர், தையற்காரர், ஓட்டுநர் அனைவரும் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வீடு கட்டும் சகோதரர்களும் தம் வீட்டு வேலையில் இதையே கடைப்பிடிக்க வேண்டுகிறோம். ஆள் வைத்து மெய்யாகவே காண்ட்ராக்ட் எடுத்து நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். லாபம் உங்களுடையது என்றால், உங்கள் ஆளின் காயமும் உங்களுடையதே.

அந்தக் கொத்தனார் இன்றும் நம் ஊரில் வேலைக்குப் போகிறார். வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க இயலாததால் சாரம் ஏறுவதில்லை. தரை வேலையோடு நிற்கிறார். வழியில் காணும்போதெல்லாம் முகம் மலர்ந்து நலம் விசாரிக்கிறார். அவர் நம்மிடம் எதையும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிட்டது என்று நாம் எண்ணிவிடலாகாது.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கல்களைச் சீராக்கி, உழைப்போரின் உரிமையை உரிய காலத்தில் கொடுத்தவர்களாக நம்மை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.